தான் நிற்க வேண்டிய இடம்

திரை விழுந்ததும் கூட்டம் கைதட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கூடத்துக்குத் தலைவரான பெரியவர் கயிற்றை இழுத்தார். வெள்ளைத் துணி சரசரவென்று சரிந்து விழுந்தது. பிரார்த்தனைக் கூடத்தின் புது நுழைவுச் சுவரில், ஒவ்வொன்றும் முழ உயரத்துக்கு, எஃகு எழுத்துகள் காலை வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. முன்வரிசை கைதட்டத் தொடங்கியது. பின்வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் தட்டல் தேய்ந்து நின்றுவிட்டது.

அந்த அமைதியில், கேட்டுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த வேன் அருகிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாக, சொல் சொல்லாக வாசித்தது.

"எங்கள். வழி. உண்மைதான்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த தம்பிக்காரன் சுவரை அண்ணாந்து பார்த்தான். குரல் அவன் மனைவியுடையது. எழுத்து அவன் பதித்தது. சுவரில் இருந்திருக்க வேண்டியதோ 'எங்கள் வழிதான் உண்மை.'

ஓர் எழுத்து குறையவில்லை, ஓர் எழுத்து கூடவில்லை. ஒரே ஒரு 'தான்' இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். அந்த அவ்வளவில்தான் அந்தக் கூடத்தாரின் மொத்த நம்பிக்கையும் இருந்தது.

அவனைத் தம்பிக்காரன் என்று சொன்னால்தான் அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியும். கூடத்தின் செயலர் அவனுடைய அண்ணன். அண்ணன் இன்னார் என்று ஊருக்கே தெரியும். தம்பி இன்னார் என்று தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். காரணம் அவன் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வேறு வழிபாட்டுக்காரி, கல்யாணத்துக்குப் பிறகும் தன் வழிபாட்டை விடாதவள். அப்படிக் கட்டிக்கொண்டவன் கூடத்தார் யார் வீட்டுப் படியும் ஏறக் கூடாது. பெரியவர் தன் வாயால் "வரட்டும்" என்றால்தான் ஏறலாம். பெரியவருக்குச் சாதாரணமாக வாய் திறக்காது.

அவர்களுடைய அம்மா இருப்பது அண்ணன் வீட்டில். கீழே விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையோடு கிடக்கிறாள். சின்னவனை அவள் பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. போனில் பேசினால் அழுகிறாள் என்று போனும் நின்றுபோனது.

இப்படி இருக்கும்போதுதான், கொஞ்ச நாளைக்கு முன்னால், அண்ணன் முதல் முறையாகத் தம்பியின் பட்டறைக்கு வந்தார். தகடு வெட்டும் இயந்திரம் போட்ட சத்தத்தில் தம்பிக்காரன் முதலில் ஆளைக் கவனிக்கவே இல்லை. திரும்பினால் அண்ணன் நிற்கிறார், தலையெல்லாம் நரைத்து.

"புதுச் சுவருக்கு எழுத்து நீ செஞ்சு குடு," என்றார் அண்ணன். உட்காரக்கூட இல்லை. "பெரியவர்கிட்ட பேசிட்டேன். திறப்பு அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடுவார். அப்படியே என்கூட வீட்டுக்கு வந்துடு. அம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா."

"இவளும் வரலாமாண்ணா?"

அண்ணன் இயந்திரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "முதல்ல நீ வா."

உள்ளே எழுத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவள் காதில் இது விழாமல் இல்லை. அண்ணன் போனதும் வந்து, "ஒத்துக்கோங்க," என்றாள். "எங்க அம்மாவா இருந்தா நான் ஓடிப்போய்ப் பார்த்திருப்பேன். உங்களை மட்டும் தடுத்து நான் என்ன கண்டேன்?" முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி மெருகு போடப் போய்விட்டாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. ஆனால் அன்று முழுக்க அவள் அவனிடம் வேறு எதுவும் பேசவும் இல்லை.

இங்கே அவர்கள் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய எழுத்தை ஒருவன் எப்படி இடம் மாற்றிப் பதிப்பான் என்று கேட்கத் தோன்றும். எழுத்தைச் சுவரில் பதிக்குமுன், அதே அளவில் அச்சடித்த மாதிரித் தாள்களைச் சொல்லுக்கு ஒரு தாளாக ஒட்டுவார்கள். அதைப் பார்த்துத் துளை போட்டு, எழுத்தின் முதுகில் உள்ள தண்டுகளைப் பசையோடு செருகுவார்கள். ஏணி மேல் நிற்கிறவன் மூக்குக்கு நேரே ஒரே ஓர் எழுத்துதான் இருக்கும். வாக்கியம் அவன் கண்ணுக்கு எட்டாது. அதனால் அவள் எதிர்ப்பக்கம் போய் நின்று உரக்க வாசிப்பாள். அவள் வாசித்து, "சரி, துளையைப் போடுங்க," என்று சொன்ன பிறகுதான் டிரில்லின் சத்தம் கேட்கும். ஒரு முறை இரண்டு வேலைகளின் தாள்கள் கலந்துபோய், பல் மருத்துவர் கல் மருத்துவர் ஆகிவிடப் பார்த்தார். அவள் தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் மருத்துவரே எட்டிப் பார்த்து, தன் பல்லைக் காப்பாற்றிக்கொண்டார். 

கூடத்தின் வேலையில் அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "அம்மா, நீங்க வெளியவே இருங்க," என்றான் ஒரு தொண்டன், மரியாதையாகத்தான். தெருவில் நின்று பார்க்கவும் வழியில்லை, தூசு பறக்காமல் இருக்கச் சாரத்துக்கு முன்னால் பச்சை வலை கட்டியிருந்தார்கள். தம்பிக்காரன் தனியாக ஏறினான். கை தாளை ஒட்டிக்கொண்டிருந்தது, மனம் அம்மாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தது. உள்ளே போனதும் முதலில் என்ன சொல்வது? "வந்துட்டேம்மா" என்றா? "எப்படிம்மா இருக்கே" என்றா? இரண்டும் அவனுக்கே கேலியாகப் பட்டது. நடுவில் 'தான்' தாள் நழுவிப் பலகை இடுக்கில் போய் விழுந்ததையும், அது இல்லாமலே 'உண்மை'யை 'வழி'க்குப் பக்கத்தில் ஒட்டியதையும், கடைசியில் அதை எடுத்து மிச்சமிருந்த இடத்தில் ஒட்டியதையும் அவன் கை மட்டுமே அறியும். வேலை முடிந்ததும் அண்ணன் சாரத்துக்குக் கீழே வந்து, அண்ணாந்து, விரல்விட்டு எழுத்துகளை எண்ணி, "எல்லாம் இருக்கு," என்று தலையாட்டினார். தொண்டர்கள் துணியைக் கட்டிவிட்டு வலையைப் பிரித்தார்கள்.

இப்போது துணியும் விழுந்தாயிற்று.

"யாரு வேலைடா இது?" என்று ஒரு குரல் எழும்பியது. அதற்குப் பிறகு குரல்களை எண்ண முடியவில்லை. நாற்காலிகள் பின்னுக்குச் சாய்ந்தன. கூடத்தில் வாரா வாரம் உரை சொல்லுகிறவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரை இன்னொரு முறை படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தைதானே, விடுங்க," என்றார் பக்கத்தில் இருந்த சாதுவான ஒருவர்.

"ஒரு வார்த்தையா? 'வழிதான் உண்மை'ன்னா மத்ததெல்லாம் பொய்னு அர்த்தம். 'வழி உண்மைதான்'னா என்னய்யா அர்த்தம்? எவனோ சந்தேகப்பட்டான், நாம கையைப் பிசைஞ்சுக்கிட்டு ஆமாங்க, உண்மைதாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. உண்மைதான்னு முடிச்சா அடுத்தது என்ன வரும்? 'ஆனா'ன்னு வரும்! நம்ம வாசல்ல அந்த 'ஆனா' தொங்கணுமா?"

தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ விசில் அடித்தார்கள். கூட்டத்தின் கோபம் அதோடு கேட்டுப் பக்கம் திரும்பியது.

"அந்தப் பொம்பளை வாசிச்சாளே, கேட்டீங்களா? முன்னாடியே மனப்பாடம் பண்ணின மாதிரி!"

"ரெண்டு பேரும் பேசி வெச்சு செஞ்ச வேலை."

நாலைந்து இளவட்டங்கள் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனார்கள். ஒருவன் வேனின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அவள் அசையாமல் அவனையே பார்த்தாள். பிறகு அவர்களை விலக்கிக்கொண்டு நேராகக் கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் தம்பியின் புஜத்தைப் பிடித்து அந்தக் கேட்டோரம் இழுத்துக்கொண்டு வந்தார். எழுத்தை எண்ணிப் பார்த்துச் சரி சொன்னவர் அவரே என்ற பயம் அந்தப் பிடியில் இருந்தது. "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடா? இவ்வளவு பாடுபட்டு உன்னை உள்ள கொண்டு வந்தேனே. இவ சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லண்ணா..."

"பின்ன? பெரியவர் கேப்பார். யோசிச்சு பதில் சொல்லு. இன்னைக்கு விட்டா அம்மாவை நீ..." அண்ணன் முடிக்காமல் பெரியவர் பக்கம் ஓடினார்.

தம்பிக்காரன் திரும்பினான். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவள் முகம். கண் நிறைந்திருந்தது. பயத்தில் அல்ல என்று அவனுக்கு உடனே தெரிந்தது.

"எனக்காகவா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எனக்காகத்தான் மாத்தி வெச்சீங்களா? அத்தையைப் பார்க்க முடியாம போனாலும் பரவால்லைன்னா?"

அப்படி ஒரு பார்வையை அவள் அவனைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. இத்தனை காலமும் எங்கே போனாலும் அவளை வாசலில் நிறுத்திவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன் அவன். இன்று அவள் கண்ணில் அவன் பெரிய ஆள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், அந்தப் பார்வை ஆயுசுக்கும் அவனுடையது. அவன் வாயைத் திறந்தான்.

"இங்க வா," என்றார் பெரியவர், மைக்கை அணைத்துவிட்டு.

கூட்டம் வழிவிட்டது. பெரியவர் கோபப்படுகிற ஆள் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றுகிற மாதிரி மெதுவாகப் பேசுவார். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறேன். தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"

அண்ணன் பெரியவருக்குப் பின்னால் நின்று, தெரியாமல் என்று உதட்டை மட்டும் அசைத்தார். கேட்டில் அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தம்பிக்காரன் பொய் சொல்லத் தெரியாதவன் ஒன்றும் அல்ல. வாடிக்கையாளர்களிடம் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லித்தான் தொழிலே நடக்கிறது. ஆனால் இந்தப் பொய்யைச் சொல்லி அவளுடைய அந்தப் பார்வையைத் திருட அவனுக்கு மனம் வரவில்லை.

"தெரியாமத்தான்," என்றான். "எப்பவும் அவ கீழ நின்னு படிப்பா. நீங்க உள்ள விடல. படிக்க ஆள் இல்லாம போச்சு. கை தவறிடுச்சு."

கூட்டம் மொத்தமாகப் பெருமூச்சு விட்டது. அண்ணன் முகம் ஒரு நொடியில் பத்து வயசு குறைந்தது. தம்பிக்காரன் கேட்டுப் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. அவள் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்தபோது அங்கே பழைய முகம்தான் இருந்தது, பொறுத்துக்கொள்கிற முகம்.

"மனுஷன்னா தவறும்," என்றார் பெரியவர். "மாத்திடு. இப்பவே, எல்லார் முன்னாடியும். மாத்தினதும் நான் அந்த வார்த்தையைச் சொல்லிடறேன். நீ அண்ணன்கூட வீட்டுக்குப் போ."

ஏணி வந்தது, டிரில் வந்தது, சூடுகாற்று அடிக்கிற கருவி வந்தது. பசை முழுதாக இறுகியிருக்கவில்லை, சூடு காட்டியதும் 'தா' பிடியை விட்டது, பின்னாலேயே 'ன்' வந்தது. இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அடுத்து 'உண்மை'யைக் கழற்றி வலப்பக்கம் தள்ளிப் பதிக்க வேண்டும், விழுந்த இடைவெளியில் இந்தத் 'தான்' போய் உட்கார வேண்டும். அரை மணி நேர வேலை. அப்புறம் அம்மா.

டிரில்லை எடுத்துச் சுவரில் வைத்தான். விசையை விரல் அழுத்தவில்லை.

முதலில் பதித்தது கை. கைக்கு ஒன்றும் தெரியாது. இப்போது பதிக்கப் போவது அவன். அவனுக்கோ தெரியும். தெரியும் என்றால் என்ன தெரியும்? எந்த வழி உண்மை என்று சத்தியமாக அவனுக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர்கள் இருவருக்கு, 'அசல் கடை இதுவே, எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று ஒரே தகட்டிலிருந்து வெட்டிக் கொடுத்தவன் அவன். இரண்டு கடையிலும் கடிகாரம் ஓடத்தான் செய்தது. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போக இது கடை இல்லையே. அம்மா இந்தக் கூடத்தைச் சொல்லித்தான் அவனைப் பெற்றாள், வளர்த்தாள். அவள் நம்பிக்கை பொய் என்று எவனாவது சொன்னால் அவன் சட்டையைப் பிடிப்பான்.

ஆனால் தினமும் விடியும்போது, அடுப்படி ஜன்னலோரம் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நின்று யாரிடமோ பேசுகிறாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே சொல்கிறாள். அவன் அம்மாவின் இடுப்பைப் பற்றி அங்கே சொல்கிறாள், அவன் காதாலேயே கேட்டிருக்கிறான். வாசலில் நிறுத்தி வைத்த வீட்டுக்காகவும் அங்கேதான் கேட்கிறாள். நீ பேசுவதைக் கேட்க அங்கே யாருமே இல்லை என்று அவன் இப்போது எஃகில் எழுதி, அவள் பார்க்கப் பார்க்கப் பதிக்க வேண்டும். அதுவும் துளை போட்டு, இந்தத் தடவை நன்றாக இறுகுகிற பசையில்.

"என்னடா யோசனை?" கீழிருந்து அண்ணன்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கேட்டில் இல்லை. தெருவைத் தாண்டி, வேனுக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கிற தூரத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள். இளவட்டங்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் அவர்களைக் கவனிக்கவே இல்லை. கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"மாத்துங்க! நான் படிக்கிறேன்! மாத்திட்டு அத்தையைப் போய்ப் பாருங்க!"

கூட்டத்தில் சிலர் தலை குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும் ஆத்திரத்தில் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவன் அந்தத் துளையைப் போட்டிருப்பான். அது நிச்சயம். தன்னைப் பொய் என்று சொல்லுகிற வாக்கியத்தையும் சரிபார்த்துத் தர வந்து நிற்கிறவளை என்ன செய்வது?

அவன் டிரில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியை விட்டு இறங்கினான். சுவரில் 'எங்கள் வழி உண்மை' என்று மட்டும் நின்றது.

"என்ன இறங்கிட்டே?" என்றார் பெரியவர்.

"தெரியாம வெச்சேன். அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன்." அவன் டிரில்லைப் பைக்குள் வைத்தான். "தெரிஞ்சு வைக்க மாட்டேன். வேற ஆளை வெச்சு செஞ்சுக்கோங்க."

"இப்ப இருக்கறபடியே விட்டா என்னங்க?" என்றார் அந்தச் சாதுவான மனிதர், நப்பாசையோடு. "எங்கள் வழி உண்மைன்னு நல்லாத்தானே இருக்கு?"

"தான் இல்லாம எப்படி?" என்றார் பெரியவர். அதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அவர் சொல்வதாக இருந்த அந்த ஒரு வார்த்தையும் அவரோடு உள்ளே போய்விட்டது.

அதுவரை பெரியவருக்காக அடங்கியிருந்த கூட்டம் பொங்கியது. ஒருவன் தம்பிக்காரனின் காலரைப் பிடித்தான், இன்னொருவன் கையை ஓங்கினான். "அவன் மேல கை வெக்காதீங்க!" என்று நடுவில் விழுந்தது அண்ணன்தான். வெள்ளைச் சட்டை கிழிய, இரண்டு கையையும் விரித்துத் தம்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றார். "போங்க எல்லாரும்! உள்ள போங்க!" செயலர் சொன்னால் கேட்டுப் பழகிய கூட்டம். முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கியது.

இருவர் மட்டும் சுவருக்கு அடியில் மிஞ்சினார்கள். அண்ணன் மூச்சு வாங்கினார். தம்பிக்காரன் அந்த இரண்டு எழுத்தையும் அவர் கையில் கொடுத்தான். அவர் என்ன வாங்குகிறோம் என்றே தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

"பாவி," என்றார். "ஒரு துளைடா. ஒரே ஒரு துளை போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அம்மா காலையிலேயே தலை வாரிவிடச் சொல்லி, தலகாணியை நிமிர்த்தி வெச்சு, வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. நான் போய் என்னடா சொல்லுவேன்?"

தம்பிக்காரனுக்கு ஏணியிலிருந்து இறங்கும்போது தைரியமாகத்தான் இருந்தது. வாரிவிட்ட தலையைப் பற்றிக் கேட்டதும் அந்தத் தைரியமெல்லாம் வடிந்து போனது.

"நான் வர மாட்டேன்னு சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்கண்ணா. அதை அவ தாங்க மாட்டா." நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "வரத்தான் இருந்தான், நாங்கதான் விடலைன்னு சொல்லுங்க. உண்மை உங்ககிட்டதானே இருக்கு? அதை அம்மாகிட்ட சொல்லுங்க."

அண்ணன் கையிலிருந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்தார். தம்பிக்காரன் ஏணியைத் தூக்கித் தோளில் போட்டான், கருவிப் பையை மறு கையில் எடுத்தான், தெருவைக் கடந்து அவள் நின்ற இடத்துக்கு நடந்தான். நடக்க நடக்க அழுதான். துடைத்துக்கொள்ளக் கை இல்லை.